மூன்றாம் மணிக்கு எழும்பியவர்கள்

எங்கள் சபையில் மறுபடியும் போதகர் நாற்காலி காலியாக இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் ஆலயத்தை ஒட்டிய அறையில் கமிட்டி கூடியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாரும் ஒரே கைபேசியைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் யாரோ ஒரு போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. அது முடியும்வரை பொறுமையாக இருந்து கேட்டார்கள். பிறகு விரலால் தள்ளி இன்னொரு போதகரைப் பார்த்தார்கள்.

வெளியே வந்த செயலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாட்டா, ஒமக்க காலம் மாதிரி வேன் பிடிச்சு அலையாண்டாம், பாத்தீரா?"

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "அந்த வேன் கதைய சபை மலருக்கு எழுதித் தாருமே. இப்ப உள்ளவியளுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதினால் பிழை வருமே, யாருடைய மனமாவது நோகுமே, செத்துப்போனவர்களைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றெல்லாம் பயந்து தூக்கம் போனது. மகள்தான், "எழுதும் அப்பா, பிழைய நான் பாத்துக்கிடுகேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் எங்கள் சபையின் கோயில்குட்டியாக இருந்தவன். ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, பீடத்துக்குத் துணி விரிப்பது, பிரசங்க மேடையில் தண்ணீர் வைப்பது, மணி அடிப்பது, கல்லறைக்கு இடம் காட்டுவது எல்லாம் செய்கிற ஆளுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். என் தாய்மாமா அந்த வேலையில் இருந்தார். அவருக்கு மூட்டு வலி வந்தபோது செங்கல் சூளையில் நின்ற என்னைக் கூட்டிக்கொண்டு வந்து கயிற்றைக் கையில் கொடுத்தார். இழுக்கிற வேலை கொஞ்சம்தான், விடுகிற வேலைதான் அதிகம் என்று காட்டித் தந்தார். கயிறு மேலே ஏறும்போது பிடித்து நிறுத்தினால் மணியின் நாக்கு குழறும். விட்டுக் கொடுத்தால் ஓசை சுசீந்திரம் ரோடு வரைக்கும் வயல் மேலேயே நடந்து போகும். அது என் கைக்கு வர ஒரு வருஷம் ஆனது. வந்த பிறகு போகவில்லை. என் காலத்தில் இந்த ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்தையும் எல்லா மரணத்தையும் முதலில் ஊருக்குச் சொன்னது என் கைதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களுக்கு மூன்று மணி. முதல் மணி, வீட்டில் இருப்பவர்கள் குளித்துப் புறப்பட. இரண்டாம் மணி, புறப்பட்டவர்கள் வந்து உட்கார. மூன்றாம் மணி தனி. அங்கி உடுத்த போதகர் பின்னறை வாசலில் வந்து நிற்கும்போது அதை அடிக்க வேண்டும். ஓசை கேட்டதும் சபை முழுவதும் எழும்பும். அவர் பீடத்தில் போய் முழங்கால் இடும்வரைக்கும் ஒருவரும் உட்காரமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். எங்கள் சபை எந்தப் பேராயத்தின் கீழும் இல்லாத தனிச் சபை. போதகரை மேலேயிருந்து யாரும் அனுப்புவதில்லை, நாங்களே தேடி அழைக்க வேண்டும். போதகர் இல்லாத காலத்தில் பெரியவர்கள் யாராவது பிரசங்கம் செய்வார்கள். அவர்களுக்கு இரண்டு மணியோடு சரி. மூன்றாம் மணி அழைக்கப்பட்டு வந்தவருக்கு மட்டும்தான். இது முன்னோர் வைத்த வழக்கம்.

நான் சொல்லப்போகிற சமயத்தில் எங்கள் ஊரில் மூன்றாம் மணி கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலே ஆகியிருந்தது.

அப்போது சபைச் செயலராக இருந்தவர் ரெத்தினபாய் டீச்சர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. வெயிலோ மழையோ அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. ஒரு காரியத்தைச் சுட்டிக்காட்டத்தான் அவருக்குக் குடை. பேச்சில் கோபம் இராது, கொஞ்சலும் இராது. என்னைப் போன்ற ஆளுக்கு அவரிடம் வேலை பார்ப்பது முதலில் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஏனென்றால் நான் வெப்ராளக்காரன். பதற்றம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்கள் ஊரில் வெப்ராளம். சனிக்கிழமையே கயிற்றை நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். பூட்டிய கதவைப் பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். பிரசங்க மேடையில் வைத்த தண்ணீரில் பல்லி விழுந்துவிடுமோ என்று தட்டு போட்டு மூடி, தட்டு காற்றில் பறக்குமோ என்று அதன்மேல் கல் வைத்திருக்கிறேன். ஊரில் ஞானமுத்து என்று கேட்டால் தெரியாது, 'வெப்ராளம் ஞானமுத்து' என்று கேட்க வேண்டும்.

போதகர் இல்லாத அந்தக் காலத்தில் என் வெப்ராளம் எல்லை மீறிவிட்டது. பழைய போதகர் வயதாகி மகனோடு போய்விட்டார். கமிட்டி அழைத்த இரண்டு பேர் வரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் ஒரு போதகரைச் சொன்னால் கீழத்தெருக்காரர்கள் வேறொருவரைச் சொன்னார்கள். கீழத்தெருவுக்குப் பெரிய ஆள் பொன்னையன் அண்ணாச்சி. நெல் வியாபாரி. ஆலயத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய நெல் குடோன். "இப்பிடியே போனா நாங்க குடோன்ல ஜெபம் பண்ணிக்கிடுவோம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். சொல்லோடு நிற்கவில்லை. பெஞ்சுகளும் செய்யக் கொடுத்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாக ஒன்றாக இருந்த சபை, ஒரு போதகர் கிடைக்காததால் ரோட்டுக்கு இரண்டு பக்கமாகப் பிரியப் போகிறது என்று எனக்கு வெப்ராளம்.

அப்போதெல்லாம் டீச்சரிடம் ஓடுவேன்.

"டீச்சரே, ஐயரு வரவே மாட்டாரோன்னு பயமா இருக்கு." எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது.

"குருமனையில தண்ணி மாத்தினியா?"

"மாத்தினேன்."

"நேத்தைக்கு உள்ளத என்ன செய்த?"

"செம்பருத்திக்கு ஊத்தினேன்."

"அப்ப இன்னைக்கு உள்ளது முடிஞ்சு. போ."

குருமனை என்பது போதகர் குடியிருக்கிற வீடு. அது பூட்டிக் கிடந்த காலம் முழுவதும் நான் தினமும் காலையில் திறந்து பெருக்கி, கிணற்றுத் தண்ணீர் இறைத்து, சமையலறை மண்குடத்தில் நிரப்பி வைத்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. டீச்சர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு என் எல்லாப் பயத்துக்கும் அந்தக் குடத்தையே பதிலாக்கிவிட்டார்.

ஒரு முறை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். "அழைக்கது கர்த்தருக்க வேல, ஞானமுத்து. நாம அழைக்கோம்னு கமிட்டி நினைக்கு. நினைச்சிட்டுப் போட்டும். நமக்கு உள்ளது கதவத் தொறந்து வைக்கது."

எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அடுத்த நாளும் அவரிடம் ஓடினேன்.

அந்தச் சமயத்தில்தான் மேற்கே, குழித்துறைக்கும் அப்பால் மலையடிவாரத்தில் ஏசுரெத்தினம் என்று ஒரு போதகர் இருக்கிறார் என்ற பேச்சு வந்தது. இரண்டு தெருவுக்கும் அவர் சொந்தம் இல்லை என்பதே பெரிய தகுதியாக இருந்தது. எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. ஒருவரை இங்கே வரவழைத்துப் பிரசங்கம் கேட்டால் நல்ல பிரசங்கமாகப் பார்த்துக் கொண்டுவருவார். அதனால் அவருக்குத் தெரியாமல் அவருடைய ஆலயத்துக்கே போய், சொந்த ஜனத்திடம் எப்படி நடக்கிறார் என்று பார்த்துவிட்டு வரவேண்டும். இது கடைசி முயற்சி என்று இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டது.

வேன் பிடித்தார்கள். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு வந்தவர்கள், ஆராதனையில் கலந்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வதாகப் பேச்சு. பெண்கள் பட்டுச்சேலை, பிச்சிப்பூ. ஆண்கள் சரிகை வேட்டி. டீச்சர் என்னையும் ஏறச் சொன்னார்.

பொன்னையன் அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "இவன் என்னத்துக்கு டீச்சர்? வெப்ராளத்துல நம்மளக் காட்டிக் குடுத்திருவான்."

"ஐயரு கோயில்குட்டிகிட்ட எப்பிடி நடக்காருன்னு கோயில்குட்டிக்குத்தான் தெரியும். ஏறு ஞானமுத்து."

வேனுக்குள் அண்ணாச்சி சட்டம் போட்டுக்கொண்டே வந்தார். "ஒண்ணாச் சேந்து இருக்கப்பிடாது. தலையாட்டப்பிடாது. ஒருத்தர ஒருத்தர் பாக்கப்பிடாது. ஏலே வெப்ராளம், கேட்டியா? நீ வாயத் தொறக்கவே செய்யாத."

நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் முடிந்து, ரப்பர் மரமும் மேடும் பள்ளமுமாக ஆனது. மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் போய் இறங்கும்போது இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அது கை அடிக்கிற மணி இல்லை. மூச்சு விடாமல் ஒரே மாதிரி அடித்தது. சுவிட்சைப் போட்டால் அடிக்கிற மோட்டார் மணி.

பேசிவைத்தபடியே பிரிந்து அங்கங்கே உட்கார்ந்தார்கள். நான் எங்கே போனாலும் மணிக்கூண்டுப் பக்கம்தான் என் கால் போகும். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே பழைய கயிறு ஆணியில் சுற்றிக் கட்டிக் கிடந்தது. மோட்டார் வந்த பிறகு அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

பின்னறை வாசலில் வெள்ளை அங்கியோடு ஒருவர் வந்து நின்றார். நடுத்தர வயது, நரைத்த மீசை. அவர்தான் ஏசுரெத்தினம் ஐயர். அந்த ஆலயத்துக் கோயில்குட்டி என்னைவிட மூத்த மனிதர். அவரைப் பார்த்து ஐயர் லேசாகத் தலையசைத்தார். அவர் சுவிட்சைப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கறண்டு போய்விட்டது.

காற்றாடி எல்லாம் ஓய்ந்தது. அந்த மனிதர் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடியும் போட்டார். ஐயர் வாசலிலேயே நின்றார். ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே மூன்றாம் மணி எங்களுடையதைப் போல அவ்வளவு பெரிய காரியம் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அங்கி உடுத்த போதகர் ஒருவர் வாசலில் நிற்கிறார், மணி அடிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக மூன்றாம் மணி அடிக்காத கை. நான் எழும்பியதும், ஆணியிலிருந்து கயிற்றை எடுத்ததும் எனக்கு நினைவில் இல்லை. இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. நல்ல மணி அது. எங்கள் மணியைவிடக் கனம் கூடுதல். விட்டுக் கொடுத்தேன். ரப்பர் தோட்டம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது ஓசை.

திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஊர் ஜனங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பாட்டு தொடங்கும்போதுதான் எழும்புவார்களாம். ஆனால் வேனில் வந்த எங்கள் ஆட்கள், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், மூன்றாம் மணி கேட்டதும் ஒருவர் பாக்கி இல்லாமல் எழும்பி நின்றார்கள். ஆண்கள் பக்கம் பொன்னையன் அண்ணாச்சி சரிகை வேட்டியோடு நடுவில் நின்றார். பெண்கள் பக்கம் டீச்சர் குடையோடு நின்றார். பட்டுச்சேலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாற்று நடுவே தலை நீட்டுகிற களை மாதிரி நின்றன. நின்றவர்களுக்கு உட்காரத் தெரியவில்லை. போதகர் பீடத்துக்குப் போகும்வரை நிற்க வேண்டும் என்றுதானே பழக்கம். ஐயர் நடந்து வந்தார். மெதுவாகத்தான் நடந்தார். நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போனார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். அங்குள்ள பெரியவர் ஒருவர் கேட்டார்.

"நிங்க எங்கேந்து வாறிய?"

"கல்யாணத்துக்கு வந்தோம்" என்றார் அண்ணாச்சி.

"ஞாயிற்றுக்கிழம காலத்த இங்க ஆருக்குக் கல்யாணம்?"

அண்ணாச்சி வாட்சைத் திருகினார். டீச்சர்தான் முன்னால் வந்தார். "நாங்க சுசீந்திரம் பக்கம். எங்க சபைக்கு ஐயரு இல்ல. ஒங்க ஐயர பாக்க வந்தோம். சொல்லாம வந்தது மரியாத இல்ல."

பெரியவர் எங்கள் பட்டுச்சேலையையும் சரிகை வேட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எங்க ஐயர கொண்டு போவ வந்திருக்கிய" என்றார். "செரி. கொண்டு போவ வந்தவியளையும் நாங்க வெறும் வயித்தோட விடுகது இல்ல."

பால் இல்லாத கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு தின்றோம். அந்த ஊர்க் கோயில்குட்டி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த சபையிலாக்கும் கோயில்குட்டி?"

"நானா? நான் கல்யாணத்துக்கு..."

"கல்யாணத்துக்கு வந்தவனுக்க கையா இது?" என் கையைத் திருப்பிப் பார்த்தார். "கொள்ளாம். மணிக்க சத்தத்த நான் மறந்தே போயிட்டேன். சுவிட்சு வந்த பொறவு அது வெறும் இரும்பாட்டுக் கெடந்து."

திரும்பி வரும்போது வேனில் எனக்கு நல்ல பூசை. "ஒரு மணிக்கூறு ஒன்னால கைய மடக்கி வச்சிட்டு இருக்க முடியல்ல இல்லியா?" என்றார் அண்ணாச்சி. "நாங்க மரியாதையா கேட்டுட்டு வந்திருப்போம். இப்ப அந்த ஊருக்காரனுவ அவர விடுவானுவளா? முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

நான் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு இருந்தேன். டீச்சர் முன் சீட்டில் இருந்து திரும்பாமலே கேட்டார்.

"அங்க கயிறு எப்பிடி இருந்து?"

"மேல பிரி விட்டிருக்கு டீச்சரே. கொஞ்ச நாள்ல அறும்."

"அத அவியள்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப சரி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருக்காரர்கள் ஆலயத்துக்கு வரவில்லை. குடோனில் பெஞ்சு போட்டுவிட்டார்கள். நான் இரண்டாம் மணி அடிக்கும்போது மணிக்கூண்டு வாசல் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் உட்காருவது தெரியும். என் மணிக்குத்தான் அங்கேயும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே பாட்டை வேறு வேறு வேகத்தில் பாடினார்கள். அதைக் கேட்பது, சாவு மணி அடிப்பதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மலையடிவாரத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. டீச்சரிடம் போய், நான் வேலையை விட்டு நின்றுகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"ஒனக்குப் பதிலா ஆளு பாக்க இன்னொரு கமிட்டி போடணும்" என்றார். "ஒரு கமிட்டி பட்ட பாடு போதாதா? தண்ணி மாத்தினியா?"

"மாத்தினேன்."

"போ."

அறுப்பின் பண்டிகை வந்தது, போனது. குடோனில் தனிப் பண்டிகை. அதற்குப் பிறகு ஒரு வார நாளில், காலையில், நான் குருமனை முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ரோட்டில் பஸ் நின்றது. ஒருவர் இறங்கி வரப்பு வழியாக நடந்து வந்தார். சாதாரண வேட்டி, சட்டை, கையில் ஒரு பை. பக்கத்தில் வந்த பிறகுதான் நரைத்த மீசையைக் கண்டேன். விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

"அண்ணைக்கு மணி அடிச்சது நீருதானே?" என்றார் ஏசுரெத்தினம் ஐயர்.

"மன்னிக்கணும் ஐயரே. கை நிக்கல்ல."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிட்டுமா?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். குடத்திலிருந்து கோரிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, வெறும் அலமாரி. ஆள் இல்லாத வீடு என்று பார்த்தாலே தெரியும். குடத்தைப் பார்த்தார்.

"இது இண்ணைக்கு எடுத்த தண்ணியா? இங்க ஆரும் இல்லியே. ஆருக்கு?"

"வாற ஐயருக்கு."

"வாறது ஆருன்னே தெரியாதே."

"தெரியாது. எல்லா நாளும் மாத்துவேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல விசுவாசம்."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "விசுவாசம் ஒண்ணும் இல்ல ஐயரே. வெப்ராளமாக்கும். திடீர்னு ஒருத்தரு வந்து நிண்ணு தண்ணி கேட்டா, இல்லன்னு சொல்லப்பிடாது பாத்தேளா."

ஐயர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "திடீர்னு வந்து நிண்ணு தண்ணி கேட்டது நானாக்கும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார். "அங்க எனக்க வேல முடிஞ்சுதுன்னு கொஞ்ச நாளாட்டு மனசுல இருந்து. எங்க போவணும்னு தெரியாது. ஆருட்டயும் சொல்லல்ல. அண்ணைக்கு மணி வரல்லன்ன உடனே, சரி, மணி இல்லாமலே நடப்போம்னு கால எடுத்து வச்சேன். அடிச்சிட்டீரு. பாத்தா, முகம் தெரியாத ஆட்கள் எழும்பி நிக்காவ."

"அப்ப அது அழைப்பு தானா ஐயரே?" என்றேன்.

"கறண்டு போறது எல்லாம் அழைப்புன்னா டிரான்ஸ்ஃபார்மர்தான் பெரிய தீர்க்கதரிசி." எழும்பி மறுபடியும் குடத்தைப் பார்த்தார். "அதனாலதான் நேர்ல பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

அன்றே டீச்சரைப் பார்த்தார். குடோனுக்கும் தனியாக நடந்து போய்ப் பொன்னையன் அண்ணாச்சியோடு சாயா குடித்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தன் சபையாரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அவர்கள் அழுதார்களாம், ஆனால் பிடித்து வைக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிப் புதுக் கயிறு போட்டுவிட்டதாகவும் சொல்லியனுப்பினார்கள். எனக்கு அது ஒரு பட்டம் கிடைத்த மாதிரி.

ஐயர் வந்து சேர்ந்தார். ஆனால் கீழத்தெரு இறங்கி வரவில்லை. "ஐயரு நல்லவருதான். பாப்போம்" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான். ஐயருடைய முதல் ஞாயிற்றுக்கிழமையும் குடோனில் பெஞ்சு நிறைய ஆள். அவர்கள் அன்று வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் மணி அடித்தேன். இரண்டாம் மணி அடித்தேன். ஐயர் பின்னறை வாசலில் வந்து நின்றார். தலையசைக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

இழுத்தேன். ஊரில் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்காத மணி. விட்டுக் கொடுத்தேன். உள்ளே சபை எழும்புகிற அந்தப் பெரிய சத்தம், துணியும் பெஞ்சும் காலும் சேர்ந்த சத்தம், எனக்குப் பின்னால் கேட்டது. கண்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. இரண்டாவது இழுப்பில் பார்த்தேன். குடோனுக்குள் முன் பெஞ்சில் ஒரு வயதான அம்மா எழும்பினார். பிறகு அவர் வரிசை. பிறகு எல்லாரும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எழும்ப வேண்டும் என்று யாரும் நினைத்ததாகவும் தெரியவில்லை. பொன்னையன் அண்ணாச்சி கடைசியாக எழும்பினார். அங்கே பீடம் இல்லை, நடந்து போகப் போதகரும் இல்லை. எழும்பியவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காரும் நேரம் வரவில்லை.

வழக்கமாகச் சபை எழும்பியதும் நிறுத்திவிடுவேன். அன்று நிறுத்தவில்லை. என் வாழ்நாளில் மூன்றாம் மணியை அவ்வளவு நேரம் அடித்தது அன்றைக்கு மட்டும்தான். ஐயரும் வாசலிலேயே நின்றார். காலெடுத்து வைக்கவில்லை. டீச்சர் தன் இடத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நிறுத்து என்று குடையைக் காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை.

அந்த வயதான அம்மாதான் முதலில் ரோட்டைத் தாண்டினார். பஸ் ஒன்று வந்து நின்று, அவர் கடக்கும்வரை காத்திருந்தது. அவருக்குப் பின்னால் கீழத்தெரு வந்தது. கடைசி ஆள் வாசற்படி ஏறியபோதுதான் கயிற்றை விட்டேன். ஐயர் நடந்தார்.

ரெத்தினபாய் டீச்சர் இப்போது எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அவருக்கு மணி அடித்ததும் நான்தான். ஏசுரெத்தினம் ஐயர் இங்கே முழுக் காலமும் ஊழியம் செய்து, இந்த வருஷம்தான் விடைபெற்றுப் போனார். கமிட்டி கைபேசியில் தேடுகிறது. தேடட்டும். இந்தத் தடவையும் எனக்கு வெப்ராளம்தான். காலையில் எழும்பியதும் குருமனைக்குப் போய்விடுகிறேன். வேலை விட்டவன் ஏன் வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. கிணறு இன்னும் இருக்கிறது, குடமும் இருக்கிறது.

பொன்னையன் அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது. போன வாரம் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் வந்தீர் என்று. இத்தனை வருஷமாகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"நான் எங்கலே வந்தேன்?" என்றார். "நீ மணி அடிச்ச, எழும்பிட்டேன். எழும்பினவன் எங்கயாவது போவாண்டாமா?"